சந்திராவின் மூக்கு மொக்கு

இந்த உலகத்தில் மொத்தம் எண்ணூறு கோடி மூக்குகள். அத்தனையையும் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் வரிசையாக நிறுத்திப் போட்டி வைத்தால் முதல் பரிசு சந்திராவின் மூக்குக்குத்தான். இரண்டாம் பரிசு கிடையாது; மற்ற மூக்குகள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விடும். திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். சந்திராவின் மூக்கில் ஏறப் படி கட்டினால் நானூறு பிடிக்கும், நடுவில் இளைப்பாற இரண்டு மண்டபமும் வேண்டும். காலையில் எட்டிப் பார்க்கும் சூரியன் முதலில் தொடுவது மலைக்கோயில் கோபுரத்தை என்று ஊரில் சொல்வார்கள். பொய். முதலில் தொடுவது சந்திராவின் மூக்கைத்தான். கோபுரத்துக்குப் போவது அதில் பட்டுத் தெறித்த மிச்ச வெளிச்சம்.

இதில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சூரியன் அந்த மூக்கைத் தொட்டது மட்டும் நிஜம். நாற்பத்து மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் தொட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சந்திராவுக்கு வீடு கே.ஜி.கண்டிகையில். புருஷன் முருகவேல் ஆட்டோ ஓட்டுகிறான். பிறக்கும்போதே அவள் தோலில் நிறமி கிடையாது. தலைமுடி சோளக்கதிரின் நார் மாதிரி, புருவமும் இமையும் அதே நிறம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் நல்ல அடுப்புக்கரி நிறம். ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் கிளப்பினார்களாம். அவள் பிறந்தது வீட்டிலேயே. மாறுவதற்கு அங்கே வேறு பிள்ளையே இல்லை.

வேலை, பஸ்ஸில் வியாபாரம். சென்னையிலிருந்து திருப்பதி போகிற பஸ்கள் கனகம்மாசத்திரத்தில் இரண்டு நிமிஷம் நிற்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். கோடையில் மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காய், மற்ற மாதங்களில் கொய்யா, வேகவைத்த வேர்க்கடலை. கண் பார்வை ரொம்ப மங்கல். பஸ் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஏரிக்கரை வளைவில் வரும்போதே இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, “ஆந்திரா வண்டி, பிரேக்கு சரியில்ல, முன்னாடி தள்ளித்தான் நிக்கும்” என்பாள். அப்படியேதான் நிற்கும்.

பஸ்ஸில் இருப்பவர்கள் அவளைப் பார்த்ததும் போனைத் தூக்குவார்கள். “வெளிநாட்டம்மா வெள்ளரிக்காய் விக்கிறாங்க பாரேன்!”

ஒரு தடவை டை கட்டிய ஒருவர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, “ஹலோ மேடம்! வேர் ஃப்ரம்?” என்றார்.

“கே.ஜி.கண்டிகை. நீ எங்க இருந்துபா வர்ற?”

பஸ்ஸே சிரித்தது. அவர் நாலு பொட்டலம் வாங்கினார். முருகவேல் அவளை வீட்டில் கூப்பிடுவதே ‘தொரசானி’ என்றுதான். “தொரசானி, கொயம்பு ஊத்து” என்பான். “லண்டன்ல பொறந்து உன்கிட்ட வந்து மாட்டிகினேன்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது மூக்கு நாட்டுத் தக்காளி மாதிரி பழுத்திருக்கும். ராத்திரி தேங்காயெண்ணெய், காலையில் சந்தனம், வெள்ளிக்கிழமை மஞ்சள். இரண்டு நாளில் தோல் உரியும். உரிந்த இடத்தில் மறுபடி வெயில். தொப்பி போடு என்று யாராவது சொன்னால், “எம் பேரு சந்திரா. சூரியனுக்கும் எனக்கும் என்னிக்கு ஒத்துப்போச்சு?” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவாள்.

போன தை மாதம் அந்த மூக்கின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன மணி எழும்பியது. பாசிப்பருப்பு அளவு. வலிக்கவில்லை. முந்தானையால் முகம் துடைத்தால் ஒரு சொட்டு ரத்தம் வரும், பொருக்குக் கட்டும், உதிரும், ஆறின மாதிரி இருக்கும், மறுபடி ரத்தம். வலப்பக்கம்தான் மூக்குத்தியும். ஆகவே மூக்குத்திமேல் பழி விழுந்தது.

“கவரிங் ஆவாதுடி உனக்கு” என்றார்கள் தெருவில். கவரிங்கைக் கழற்றி வெள்ளி போட்டாள். ஆறவில்லை. “வெள்ளி கறுக்கும், தங்கம்தான் ஒடம்புக்கு ஏத்தது” என்றார்கள். முருகவேல் பிறந்த நாள், கல்யாண நாள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தங்கத்தில் ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கிக் கொடுத்தான். மூக்குத்தி பளபளத்தது. மணியும் அதற்குப் போட்டியாகப் பளபளத்தது.

இந்த நேரத்தில்தான் யாரோ ஒரு வம்புக்காரர், ஊர் பேர் தெரியாதவர், ஒரு கதையைக் கிளப்பிவிட்டார். மூக்கின் வலப்பக்கத்தில் மச்சம் எழும்பினால் அது ராஜ மச்சமாம். ஒரு வருஷத்துக்குள் மாடி வீடு நிச்சயமாம். போனில் மச்ச சாஸ்திரத்தில் போட்டிருக்கிறதாம். சந்திரா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பஸ் பஸ்ஸாகச் சொன்னாள். “இந்தா பாரு, ராஜ மச்சம். மாடி வூடு கட்டினதும் பால் காய்ச்சறேன், திருப்பதி போறப்போ எறங்கிட்டுப் போ.” மாசி போனது, பங்குனி போனது, சித்திரை வெயிலும் போனது. பாசிப்பருப்பு துவரம்பருப்பு ஆனது.

வீட்டில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் புவனா. சந்திராவின் அண்ணன் மகள், பதினேழு வயது. பத்தாவதில் அறிவியலில் மட்டும் இரண்டு தடவை பெயிலாகி, மூன்றாவது தடவை எழுதப்போகிறேன் என்று அத்தை வீட்டில் தங்கி, பஸ் நிறுத்தத்தில் தண்ணீர் பாட்டில் விற்பவள். கண்டக்டரின் விசிலை எடுத்து ஒளிப்பது, ஆள் ஏறி முடிக்காத பஸ்ஸை “ரைட் ரைட்” சொல்லிக் கிளப்பிவிடுவது எல்லாம் அவள் திருப்பணிகள். அப்படிப்பட்டவள் அந்த மச்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் சந்திராவுக்கு ஒரு யோசனை வந்தது. கவரிங் போச்சு, வெள்ளி போச்சு, தங்கமும் போச்சு. பாக்கி இருப்பது வைரம்தான். விலையாவது கேட்டுவிட்டு வரலாம் என்று புவனாவை இழுத்துக்கொண்டு திருத்தணி கடைத்தெருவில் ஹேமநாதன் பத்தர் கடைக்குப் போனாள். அவர்தான் அவளுக்குச் சின்ன வயசில் மூக்குக் குத்திவிட்டவர்.

“வைரமா? கொஞ்சம் திரும்பு இப்படி” என்று சொல்லி, கல்லில் பழுது பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவள் மூக்குக்குக் கிட்டத்தில் குனிந்தார் பத்தர். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

“இன்னா பத்தரே, மூக்கு மேல கண்ணு வெச்சிட்டியா?”

அவர் சிரிக்கவில்லை. “ஏம்மா, நான் குத்தின ஓட்டை எங்க கீது?”

“இங்கதான், புண்ணு கீற எடத்துல.”

“இல்லம்மா. ஓட்டை இதோ கீழ கீது, நல்லா சுத்தமா கீது. புண்ணு அதுக்கு மேல, அரை விரல்கடை தள்ளிக் கீது. மூக்குத்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

சந்திராவுக்குக் கண்ணாடியில் தன் முகமே மேகமூட்டமாகத்தான் தெரியும். விரலால் தடவி, ஓட்டையும் மணியும் ஒன்று என்று நினைத்திருந்தாள். கண் நன்றாகத் தெரிகிற மற்றவர்கள்? அவர்கள் மூக்குத்தியைப் பார்த்தார்கள். மூக்கைப் பார்க்கவில்லை.

பத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “ஓரமெல்லாம் முத்து மாதிரி மினுக்குது. உள்ள நூல் நூலா செவப்பு ஓடுது. நாப்பது வருசமா கல்லு பாக்கறேன், இது நல்ல கல்லு இல்லம்மா. உனக்கு நான் வைரம் விக்க மாட்டேன். தோல் டாக்டர்கிட்ட போ. நாளைக்கே போ.”

கடையை விட்டு வெளியே வந்ததும் சந்திரா சிரித்தாள். “பாத்தியாடி, கடைக்கு வந்த வைர வியாபாரத்தைத் தொரத்திவிட்ட ஒரே பத்தர்!” என்றாள். ஆனால் வழியெல்லாம் புவனாவின் கையை விடவில்லை.

மறுநாள் விடிகாலை ரயிலில் முருகவேலையும் சேர்த்து மூன்று பேரும் சென்னைக்குப் போனார்கள். பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர் சௌமியா, சின்ன வயசு, வேகமாகப் பேசுபவர். மூக்கைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். மரக்க ஊசி போட்டு மணியிலிருந்து துளியூண்டு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து முடிவு வந்தது.

“இது தோல்ல வர்ற ஒருவகை கேன்சர்மா” என்றார் டாக்டர்.

முருகவேல் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

“முழுசா கேளுங்க. இது மெதுவா வளர்ற வகை. வேற எடத்துக்குப் பரவறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா விட்டுட்டா அங்கேயே தோண்டிக்கினே போவும், மூக்கையே அரிச்சிடும். இப்ப சுத்தமா வெட்டி எடுத்துட்டா சரியாய்டும்.”

“வெயிலா டாக்டர்?” என்றாள் சந்திரா.

“வெயில்தான். மத்தவங்க தோல்ல இருக்கிற நிறமி ஒரு கொடை மாதிரி. கறுப்பா இருக்கவங்களுக்குப் பெரிய கொடை, இருந்தாலும் அவங்களும் ரொம்ப ஆட்டம் போடக் கூடாது. உங்களுக்கு அந்தக் கொடையே இல்ல. அதுலயும் மூக்குதான் மூஞ்சிக்கு முன்னாடி போவுது. மொதல் அடி அதுக்குத்தான்.”

“சந்தனம் தடவறேனே?”

“வாசனையா இருக்கும். வெயிலைத் தடுக்காது. மஞ்சளும் தடுக்காது, தேங்காயெண்ணெயும் தடுக்காது.”

“வெட்டினா மூக்குல பள்ளம் விழுமே?”

“காதுக்குப் பின்னாடி இருந்து கொஞ்சம் தோல் எடுத்து அங்க ஒட்டிடுவோம்.”

சந்திரா யோசித்தாள். அந்த அறையில் எல்லாரும் அவள் அழப்போகிறாள் என்று நினைத்த நேரத்தில் கேட்டாள்: “அப்போ இனிமே எனக்கு மூக்குல காது கேக்குமா?”

டாக்டர் சௌமியா பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். முருகவேலும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மூக்குத்தி பற்றியும் கேட்டுவிட்டாள். வலப்பக்கம் இனி வேண்டாம், எல்லாம் ஆறின பிறகு இடப்பக்கம் குத்திக்கொள்ளலாம் என்றார் டாக்டர். “ஐயய்யோ, வடக்கத்திக்காரிங்கதான் இடப்பக்கம் குத்துவாங்க! இத்தினி நாள் லண்டன்காரி, இனிமே வடநாட்டுக்காரின்னு வேற சொல்லுவானுங்க!” என்றாள் சந்திரா.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை முழுக்கக் காவடி. அன்றைக்குத்தான் சந்திரா சென்னையில் ஆபரேஷன் கட்டிலில். மூக்கை மட்டும் மரக்கவைத்து வெட்டினார்கள். அவள் முழிப்பாகவே இருந்து நர்ஸிடம் கொய்யாப்பழம் பொறுக்குவது எப்படி என்று பாடம் நடத்தினாளாம். வெளியே கொண்டுவந்தபோது மூக்கின் மேல் பஞ்சு உருண்டை ஒன்றைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். முருகவேல் பக்கத்தில் இருந்தான். புவனா அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கரும்பு ஜூஸ் குடிக்கப் போயிருந்தாள். ஐஸ் போட்டு, எலுமிச்சை பிழிந்து, இரண்டு டம்ளர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வெட்டி எடுத்ததைச் சோதித்து, ஓரமெல்லாம் சுத்தம், மிச்சம் எதுவும் இல்லை என்று சீட்டு வந்தது. அன்றைக்கு முருகவேல் ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம் கே.ஜி.கண்டிகை எல்லை வரைக்கும் சவாரி சும்மா. எதற்கு என்று கேட்டவர்களிடம், “எங்க வூட்ல மூக்கு பாஸாய்டுச்சி” என்றான்.

ஆனால் டாக்டர் கடைசியாகச் சொல்லி அனுப்பியது சந்திராவுக்குக் கத்தியைவிடப் பெரிய வெட்டாக இருந்தது. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் நேர் வெயிலில் நிற்கக் கூடாது. நிழலில்தான் இருக்கணும். முழுக்கை ரவிக்கை. வெயில் தடுக்கிற களிம்பு, முப்பதுக்கு மேல் எண் போட்டது, வெளியே கிளம்புவதற்கு இருபது நிமிஷம் முன்னால் மூக்கு, காது, கழுத்து, உதடு எல்லாம் தடவணும். வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி. தலைக்குச் சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் குறையாத விளிம்பு வைத்த தொப்பி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உடம்பு முழுக்கக் காட்டணும். இன்னொரு மணி எழும்பினால் அடுத்த தடவை மூக்கு இவ்வளவு லேசில் தப்பாமல் போகலாம்.

“இதெல்லாம் பண்ணிகினு நான் எப்படி பஸ்ஸுக்கு ஓடறது? வெள்ளரிக்கா விக்கறவளா, சர்க்கஸ்காரியா?”

“சர்க்கஸ்காரிதான் அத்தே. டிக்கெட்டு நான் கிழிக்கறேன்” என்றாள் புவனா.

தொப்பிக்குத் தேடினார்கள். கடையில் கிடைத்தது கிரிக்கெட் தொப்பி. அது நெற்றிக்கு மட்டும் நிழல் கொடுத்துவிட்டுக் காதைக் கைவிட்டது. பஸ் நிறுத்தத்தை ஒட்டி வாஹித்தின் பஞ்சர் கடை, தகரக் கொட்டகை போட்டது. அதற்குப் பின்னால் அவர் மனைவி குல்ஜார் பேகம் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் உள்ளே போய் உடைந்த கறுப்புக் குடை இரண்டைக் கொண்டுவந்தாள்.

“கொடைத் துணி வெயில் தாங்கும், மழையும் தாங்கும். தலையக் காட்டு சந்திராம்மா” என்று சொல்லி நாடாவால் தலையை அளந்தாள். விளிம்பு தொங்காமல் இருக்கக் குடைக் கம்பியையே வளைத்து உள்ளே வைத்துத் தைத்தாள். முறம் அளவுக்கு வந்தது. போட்டுக்கொண்டு நின்றபோது வாஹித் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “மாஷா அல்லா! இந்தத் தொப்பிக்குக் கீழ என் கடையவே வெச்சிடலாம்” என்றார். அன்றிலிருந்து பத்து மணி முதல் நாலு மணி வரைக்கும் அவர் கொட்டகை நிழல்தான் சந்திராவின் கடை. உட்கார்ந்து நறுக்குவாள், பொட்டலம் கட்டுவாள். ஜன்னலுக்கு ஓடுவது புவனா.

புரட்டாசி பிறந்தது. திருப்பதி பஸ்களில் நிற்க இடமில்லை. முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சந்திரா முழு வேஷத்தில் இறங்கினாள்: தலையில் முறம், முழுக்கை, முகமெல்லாம் களிம்பு. மூக்கு மேல் மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு தெலுங்கு அம்மாள். கொய்யாவை வாங்காமல் மூக்கையே பார்த்தாள். விபூதி என்று நினைத்துவிட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஏமி மொக்கும்மா?” என்றாள்.

தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல். முக்கு என்றால் மூக்கு. எல்லையில் பிறந்து இரண்டு பாஷையும் பேசுகிறவள்தான் சந்திரா. ஆனால் பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, குடைத்துணி காதை மூடியிருந்தது. என்ன மூக்கு என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, “அவுனு, முக்கே!”, ஆமாம் மூக்கேதான் என்று பெருமையாகச் சொன்னாள். மூக்கைத் தொட்டுக் காட்டி, போகவிருந்தது, தப்பித்தது என்று கையும் வாயுமாக விளக்கினாள். டாக்டர் என்ற வார்த்தை பஸ் ஹாரனில் போய்விட்டது.

அந்த அம்மாளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மூக்கு போகவிருந்தது, வேண்டிக்கொண்டாள், பிழைத்தது, அதனால் மூக்கில் விபூதி. பஸ் கிளம்பும்போது பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துத் தன் மூக்கில் ஒரு கோடு, புருஷன் மூக்கில் ஒரு கோடு, தூங்கிக்கொண்டிருந்த மாமியார் மூக்கில் ஒரு கோடு போட்டாள்.

புவனா தண்ணீர் பாட்டில் பெட்டி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பஸ்ஸில் கேட்டவர்களுக்கு அவளே விளக்கம் கொடுத்தாள். “ஆங், மூக்கு மொக்குங்க. ரொம்ப விசேசம். சளி, தும்மல், கொறட்டை எல்லாம் போயிடும்.” மூன்றாவது சனிக்கிழமைக்குள் திருப்பதி போகிற வண்டிகளில் வெள்ளை மூக்கோடு உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. ஒரு கண்டக்டரே பூசிக்கொண்டு வந்தார். சந்திரா ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடி, “மொக்கு இல்லம்மா, முக்கு! களிம்புமா! மருந்து!” என்று கத்தினாள். அவர்கள் பக்தியோடு தலையாட்டினார்கள்.

“உன்ன மூக்கறுத்துதான்டி அனுப்பணும் உங்கப்பன்கிட்ட” என்று புவனாவைத் துரத்தினாள். முறம் காற்றில் பறந்தது. வாஹித் எடுத்துக்கொடுத்தார்.

நாலாவது சனிக்கிழமை ஒரு பஸ் வந்தது. கடைசி ஜன்னலில் நாலு வயசுப் பெண் குழந்தை. சோளநார் முடி. வெள்ளை இமை. வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிஞ்சு மூக்கு ஏற்கனவே சிவந்து, உரிந்து.

சந்திராவுக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. கொய்யாவை நீட்டிக்கொண்டு கிட்டே போனபோதுதான் தெரிந்தது. கூடை கீழே இறங்கியது. குழந்தையும் அவளைப் பார்த்தது. தன்னைப் போல இன்னொரு ஆள் உலகத்தில் உண்டு என்று அதற்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு சந்திராவின் புருவத்தைத் தொட்டது.

குழந்தையின் அம்மா சந்திராவின் மூக்கைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மொக்கா அம்மா?”

சந்திரா வாயைத் திறந்தாள். களிம்பு, மருந்து, டாக்டர் என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். பஸ் நிற்பது இரண்டு நிமிஷம். மருந்து என்று சொன்னால் இரண்டு நாள் போடுவார்கள், மறந்துவிடுவார்கள். அவளே எத்தனை பேர் சொல்லி எத்தனை தடவை மறந்தவள்.

“அவுனு” என்றாள். “மொக்கு. ரோஜூ, தெனமும் செய்யணும். பாப்பா பெரிசாகி, கெழவி ஆகற வரைக்கும். ஒரு நாள் உட்டாலும் மொக்கு பலிக்காது.” இடுப்பிலிருந்து களிம்புக் குழாயை எடுத்தாள். காலையில் எப்போது, எங்கெங்கே, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் மூச்சு விடாமல் சொல்லி, பாப்பாவின் மூக்கில் முதல் பூச்சைத் தானே வைத்தாள். “எண்டலோ, வெயில்ல உடாதே. தோல் டாக்டர்கிட்ட காட்டு, கண் டாக்டர்கிட்ட காட்டு. அதுவும் மொக்குதான், சொல்லிட்டேன்!”

கண்டக்டர் விசில் அடித்தார். சந்திரா தலையிலிருந்த முறத்தைக் கழற்றினாள். ஜன்னலில் நுழையவில்லை. பஸ் நகர ஆரம்பித்தது. புவனா அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, பின் படியில் தாவி, உள்ளே கூட்டத்தின் தலைகளுக்கு மேல் அனுப்பிவிட்டு, அடுத்த வளைவில் குதித்துத் திரும்பி வந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு பெரிய கறுப்பு முறமும் அதற்குக் கீழே ஒரு வெள்ளை மூக்குமாக ஏதோ கையாட்டிக்கொண்டே போனது.

குல்ஜார் பேகம் மறுநாளே இரண்டு தொப்பி தைத்தாள். ஒன்று சந்திராவுக்கு. மற்றொன்று சின்னது, அடுத்த பாப்பா எந்த பஸ்ஸில் வரும் என்று யாருக்குத் தெரியும், கொட்டகையில் ஆணியில் தொங்கட்டும் என்றாள்.

கார்த்திகையில் சந்திரா ஹேமநாதன் பத்தரிடம் போய் இடப்பக்கம் மூக்குக் குத்திக்கொண்டாள். அதே ஒற்றைக்கல். புதுசாக மூக்குக் குத்திய ஜோரில் வீட்டுக்கு வந்தவள், புவனாவின் அறிவியல் நோட்டு ஜன்னலில் கிடப்பதைப் பார்த்தாள். அறிவியல் எவ்வளவு ஏறியிருக்கிறது பார்க்கலாம் என்று எடுத்தாள். அவள் படிப்பதென்றால் தாள் மூக்கில் உரசணும். எழுத்தை முகர்ந்து பார்க்கிற மாதிரி வரி வரியாகத் தலையை நகர்த்துவாள். உள்ளே அறிவியலே இல்லை, இந்தக் கதைதான். எண்ணூறு கோடி மூக்குகளில் ஆரம்பித்து முறம், மொக்கு, பின்கண்ணாடி வரைக்கும், முழுசாகப் படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. புவனா வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள்.

“நானூறு படியாடி என் மூக்குக்கு?”

“மண்டபத்தோட, அத்தே.”

“நல்லாத்தான் எழுதிக்கிற. ஒரு சந்தேகம். யாரோ ஒரு வம்புக்காரரு, ராஜ மச்சம்னு கதை கட்டினவரு, ஊரு பேரு தெரியாதவரு. அவரு தண்ணி பாட்டிலு விக்கறவரா?”

புவனா முழங்கால் தழும்பைப் பார்த்தாள்.

“அன்னிக்கே தெரியும்டி. போனைத் தலைகீழா புடிச்சிகினு மச்ச சாஸ்திரம் படிச்சவ நீ. நம்பினா டாக்டர்கிட்ட போவ வேணாமேன்னு நான்தான் நம்பற மாதிரி நடிச்சேன். பயம்டி எனக்கு. அதப் போயி இத்தினி மாசமா நீ தலையில தூக்கிகினு திரியற.” நோட்டில் ஒரு இடத்தை விரலால் தட்டினாள். “அப்புறம் இந்தக் கரும்பு ஜூஸு. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஜூஸு கடையே கெடையாது. நான் கட்டில்ல படுத்துகினு கீறேன், மாடிப்படியில ஒருத்தி ஒரு மணி நேரமா மூக்க உறிஞ்சிகினு கீறா.”

“அது வேற யாராவது இருக்கும் அத்தே. உனக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து படி கண்ணுக்கே தெரியாதே!”

“கண்ணு தெரியாது” என்றாள் சந்திரா, நோட்டை அவள் கையில் கொடுத்துக்கொண்டே. “ஆனா எனக்கு இப்ப மூக்குலயும் காது கீதுடி.”